கட்டுரைப் போட்டி திறந்துவிட்ட கோப்புகள்

1980இல் மேற்கு ஜெர்மனியின் பள்ளிகளுக்கு ஒரு போட்டி அறிவிப்பு போனது. நாஜி ஆட்சியில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதுதான் தலைப்பு. உங்கள் ஊரில் அப்போது என்ன நடந்தது என்று தேடி எழுதுங்கள், குடியரசுத் தலைவர் பெயரில் பரிசு உண்டு என்றது அறிவிப்பு. அவ்வளவுதான்.

டான்யூப், இன், இல்ஸ் என மூன்று ஆறுகள் கூடும் பஸாவ் என்ற ஊர் பவேரியாவின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. கத்தோலிக்க ஆயர் இருக்கும் பழைய நகரம். ஹிட்லர் சின்னப் பையனாக இரண்டு வருடம் வாழ்ந்த ஊர். யூதர்களை வதைமுகாம்களுக்கு ரயிலேற்றும் வேலையைப் பின்னாளில் ஒருங்கிணைத்த நாஜி அதிகாரி ஐக்மன் 1935இல் கல்யாணம் செய்துகொண்ட ஊர். ஆனால் ஊர்க்காரர்கள் சொல்லிவந்த கதை வேறு. இங்கே திருச்சபை நாஜிகளை எதிர்த்து நின்றது, நாங்கள் அப்படியொன்றும் மோசமில்லை என்பது அந்தக் கதை. அதை நம்பித்தான் அன்னா ரோஸ்முஸ் என்ற இருபது வயதுப் பெண் போட்டியில் இறங்கினார். ஊரின் பெருமையை எழுதலாம் என்று போனவர், பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். அப்புறம் நகராட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கோப்புகளைக் கேட்டார். கதவு சாத்தப்பட்டது.

சாத்திய கதவைத் திறக்க அவர் நீதிமன்றம் வரை போனார். 1983இல் அவருடைய ஆய்வு புத்தகமாகவே வந்தது. மறுவருடம் அதற்கு ஷோல் உடன்பிறப்புகள் பெயரிலான விருது கிடைத்தது. நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை போட்டதற்காக 1943இல் தலை வெட்டப்பட்ட மாணவர்கள்தான் அந்த ஷோல் உடன்பிறப்புகள். மவுத்தௌசன் வதைமுகாமின் கிளைகள் பஸாவிலேயே இயங்கின என்பதையும், மரியாதைக்குரிய உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் அந்த ஆட்சியோடு எவ்வளவு ஒட்டி இருந்தார்கள் என்பதையும் அவர் தொடர்ந்து எழுதினார். பாராட்டும் வந்தது, கொலை மிரட்டலும் வந்தது. 1990இல் அவர் கதையைத் தழுவி ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1994இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி.

நமக்குக் கட்டுரைப் போட்டி என்றால் என்ன நினைவு வரும்? நான் படித்த பள்ளியில் காந்தி ஜெயந்திக்கு வருடா வருடம் நடக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் ஒரு குறள், கடைசியில் ஒரு பாரதி வரி. அண்ணன் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்து எழுதி, எவர்சில்வர் டம்ளர் வாங்கி வருவேன். அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. காந்தியைப் பற்றி அந்தக் கட்டுரையால் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

யூத இனப்படுகொலை பற்றியும் மனித உரிமை பற்றியும் மாணவர்களுக்கு உலகெங்கும் எத்தனையோ விருதுகளும் உதவித்தொகைகளும் தரப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எழுத உட்காரும் முன் இது மாணவரை எங்கே போக வைக்கிறது?

பஸாவ் பெண் கலந்துகொண்ட போட்டியின் கதையை முதலில் பார்ப்போம். 1973இல் அன்றைய குடியரசுத் தலைவர் குஸ்தாவ் ஹைனமனும் ஹாம்பர்க் தொழிலதிபர் குர்ட் கோர்பரும் சேர்ந்து தொடங்கியது அது. ஹைனமனின் கவலை நாஜிக் காலம்கூட அல்ல. ஜெர்மானியர்களுக்குத் தங்கள் நாட்டில் நடந்த விடுதலைப் போராட்டங்களே தெரியவில்லை, மன்னர்களும் தளபதிகளும்தான் தெரிகிறது என்பது அவர் குறை. அதனால் ஆரம்பத் தலைப்புகள் 1848 புரட்சி, 1918இல் குடியரசு பிறந்தது, 1945க்குப் பிந்தைய மறுதொடக்கம் என்று போயின. 1980களின் தொடக்கத்தில் வைத்த இரண்டு தலைப்புகள்தான் போட்டியின் முகத்தை மாற்றின. ஒன்று மேலே சொன்ன நாஜிக் கால அன்றாடம், அடுத்தது போர்க்காலம்.

இப்போது இது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. செப்டம்பர் 1 அன்று தலைப்பு வரும், பிப்ரவரி கடைசியில் கெடு முடியும். 21 வயதுக்கு உட்பட்ட யாரும் தனியாகவோ, குழுவாகவோ, வகுப்பாகவோ சேரலாம். கட்டுரைதான் வேண்டும் என்றில்லை. படம், ஒலிப்பதிவு, கண்காட்சி எதுவானாலும் சரி. 1973 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டிருக்கிறார்கள். பரிசுகள் 500க்கு மேல். முதல் பரிசுக்காரர்களுக்கு பெர்லினில் குடியரசுத் தலைவர் மாளிகையில் அழைப்பு உண்டு, ஆனால் பணம் 2,000 யூரோவை ஒட்டித்தான். பணத்துக்காக ஆறு மாதம் யாரும் காப்பகத்தில் தூசி தட்டப் போவதில்லை.

இரண்டு விதிகள் முக்கியம். ஒன்று, எடுத்துக்கொள்ளும் விஷயம் சொந்த ஊரோடோ குடும்பத்தோடோ தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். மற்றது, படைப்போடு ஒரு பணி அறிக்கையும் தர வேண்டும். எங்கே தேடினேன், யாரிடம் கேட்டேன், எங்கே முட்டிக்கொண்டேன், எதைக் கைவிட்டேன் என்று எழுத வேண்டும். அண்ணன் எழுதிக் கொடுக்க முடியாத பகுதி இது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆஷ்விட்ஸ் பற்றிக் கண்ணீர் வரவழைக்கும் இரண்டு பக்கம் நொடியில் கிடைத்துவிடும். நகராட்சிக் கிடங்கில் இன்னும் பட்டியல்கூடப் போடாத ஒரு காகிதக் கட்டை அதனால் அவிழ்க்க முடியாது.

அந்தக் கட்டுகளில் என்னதான் இருக்கும்? பெரும்பாலும் சலிப்பூட்டும் காகிதம்தான். அதில்தான் விஷயமே இருக்கிறது. உதாரணமாக ஏலப் பட்டியல்கள். 1941 நவம்பர் 25 அன்று ஜெர்மன் அரசு ஒரு ஆணை போட்டது. நாட்டு எல்லைக்கு வெளியே வாழும் யூதர்களுக்குக் குடியுரிமை கிடையாது, அவர்கள் சொத்து அரசுக்கு என்பது அதன் சாரம். நாடுகடத்தும் ரயிலில் ஏற்றி எல்லையைத் தாண்ட வைப்பதும் அரசேதான். அதனால் ரயில் எல்லையைத் தாண்டியவுடன் வீட்டுச் சாமான் எல்லாம் சட்டப்படி அரசின் சொத்தாகிவிடும். வருமான வரி அலுவலகம் ஆள் அனுப்பிப் பட்டியல் எடுக்கும். அலமாரி, நாற்காலி, படுக்கை விரிப்பு, சமையல் பாத்திரம் என்று எல்லாமே பட்டியலில் வரும். பிறகு பொது ஏலம். யார் எதை எடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று குமாஸ்தா கணக்கு எழுதி வைப்பார். ஹாம்பர்கிலும் சுற்றுப்புறத்திலும் மட்டும் குறைந்தது 1 லட்சம் பேர் இப்படிப் பறிக்கப்பட்ட பொருள்களை வாங்கியிருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர் ஃபிராங்க் பாயோரின் கணக்கு.

இந்தக் கோப்புகள் வரி ரகசியம் என்ற பெயரில் பல காலம் பூட்டியே கிடந்தன. ரகசியம் யாருக்காக என்று கேட்டால், செத்துப்போனவர்களுக்காக இல்லை. வாங்கியவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் கடை வைத்திருந்தார்கள். பாட்டி வீட்டுக் கூடத்தில் நிற்கும் அலமாரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் போகும் கேள்வி எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2018இல் பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் ஜெர்மானியர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. உங்கள் முன்னோரில் யாராவது பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவினார்களா என்ற கேள்விக்கு சுமார் 18 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். உண்மையில் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் மக்கள்தொகையில் 1 சதவீதம்கூடத் தேறமாட்டார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தாத்தா சொன்ன கதையை அப்பா கொஞ்சம் மெருகேற்ற, பேரன் அதை அப்படியே நம்புகிறான். எல்லா ஊர்க் குடும்பங்களிலும் நடப்பதுதான்.

தாத்தாவின் கடிதம் கிடைத்தால் உண்மை தெரிந்துவிடுமே என்றால், அதைப் படிக்க வராது. சுட்டர்லீன் என்ற கையெழுத்து முறை ஒன்று இருந்தது. 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு எழுத்தும் முள்வேலி மாதிரி குத்திட்டு நிற்கும். இன்றைய ஜெர்மன் மாணவருக்கு அது வேற்று மொழி. நம் வீட்டில் பூட்டன் காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்தால் தமிழ் எண்களும் நில அளவைக் குறிகளும் பார்த்து முழிப்போமே, அதே கதைதான். பழைய அச்செழுத்துகளை 'யூத எழுத்து' என்று சொல்லி 1941இல் ஒழித்துக்கட்டியது நாஜி அரசுதான். சுட்டர்லீனும் அதே வருடம் பள்ளியிலிருந்து போனது. ஆக அந்தக் காலத்துத் தாத்தாவின் எழுத்தைப் பேரன் படிக்க முடியாமல் செய்ததும் அந்த ஆட்சியே. பல ஊர்க் காப்பகங்களில் மாணவர்களுக்கு இந்த எழுத்தைப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள்.

தலைப்பு எதுவானாலும் கடைசியில் நாஜிக் காலத்தில்தான் போய் நிற்கும் என்பது இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த விஷயம். 2020இல் விளையாட்டு என்று தலைப்பு கொடுத்தார்கள். ஊர் உடற்பயிற்சிக் கழகத்தின் பதிவேட்டைப் புரட்டினால் 1933இல் யூத உறுப்பினர்கள் நீக்கப்பட்டது வந்துவிடும். 2022இல் வீடும் குடியிருப்பும். 1939 ஏப்ரலில் யூதர்களின் வாடகைப் பாதுகாப்பைப் பறித்து, அவர்களைச் சில கட்டடங்களில் மட்டும் அடைத்த சட்டம் அதில் தலை காட்டும். அந்தக் கட்டடம் இன்றும் மூன்றாவது தெருவில் இருக்கலாம். கீழே பேக்கரி ஓடிக்கொண்டிருக்கலாம்.

குறையும் உண்டு. கலந்துகொள்பவர்களில் பெரும்பங்கு பல்கலைக்கழகம் போகப்போகும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். தொழிற்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காப்பகம் வரை கூட்டிக்கொண்டு போக ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நல்ல ஆசிரியர் இருந்தால் பாதிப் பரிசு கையில் என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

பிரிட்டனின் பாதை வேறு. 1988இல் தொடங்கிய ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) கல்வி அறக்கட்டளை, 1999 முதல் 'ஆஷ்விட்ஸ் தரும் பாடங்கள்' என்ற திட்டத்தை நடத்திவருகிறது. அரசு நிதியும் உண்டு. பள்ளிக்கு இரண்டு பேர், 16 முதல் 18 வயது. ஒரு முன்னோட்ட வகுப்பு, பிறகு விடியற்காலை விமானம், போலந்தின் கிராகோவில் இறங்கி ஆஷ்விட்ஸ் வதைமுகாம், மாலையில் அதன் பகுதியான பிர்கெனாவ் தண்டவாளத்தருகே ஒரு நினைவுச் சடங்கு, இரவே வீடு. திரும்பி வந்து பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் போய்வருவதைச் சுற்றுலா என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு கடுமையாகச் சொல்லத் தோன்றவில்லை. குவிந்து கிடக்கும் காலணிகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. ஆனால் போலந்தில் நடந்த ஒன்றாக, வேற்று நாட்டு அரக்கர்கள் செய்த ஒன்றாக அது மனதில் தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு மையம் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 8,000 பள்ளி மாணவர்களிடம் கேட்டதில், இது ஏறக்குறைய ஹிட்லர் என்ற ஒரு மனிதர் செய்த வேலை என்ற புரிதலே மேலோங்கியிருந்தது. ஹிட்லர் ஒருவரே செய்தார் என்றால் அந்த ஏலக் குமாஸ்தா எங்கே போவார்? ரயில் அட்டவணை போட்டவர், பட்டியல் எடுத்த வரி அலுவலர், தள்ளுபடி விலையில் படுக்கை விரிப்பு வாங்கிய பக்கத்து வீட்டு அம்மா எல்லாரும் படத்திலிருந்து கழன்றுகொள்வார்கள்.

அமெரிக்காவில் எனக்குத் தெரிந்தவற்றில் நல்ல போட்டி, கலிஃபோர்னியாவின் சாப்மன் பல்கலைக்கழகம் நடத்தும் கலை, எழுத்துப் போட்டி. அதற்குத் துணை நிற்பது '1939 சங்கம்'. போலந்திலிருந்து தப்பிப் பிழைத்து லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறியவர்கள் 1952இல் ஆரம்பித்த சங்கம் அது. போலந்து தாக்கப்பட்ட வருடத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க மாணவரிடம் போய் உன் ஊர்க் காப்பகத்தில் தேடு என்று சொல்ல முடியாது. அதனால் இவர்கள் வேறொரு தடை வைத்தார்கள். தப்பிப் பிழைத்த ஒருவரின் முழு வாக்குமூலக் காணொளியை உட்கார்ந்து பார்க்க வேண்டும். துணுக்கு பார்த்தால் போதாது. பார்த்து, அதில் தன்னைப் பிடித்து நிறுத்திய ஒரு சொல்லையோ ஒரு வாக்கியத்தையோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கவிதையோ உரைநடையோ ஓவியமோ குறும்படமோ செய்ய வேண்டும். எழுத்துக்குச் சிறிய அளவுதான். இரண்டு மணி நேரம் கேட்டு ஒரு பக்கம் எழுது என்ற விகிதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் காணொளிகளில் பெரும்பகுதி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளையின் சேகரம். 56 நாடுகளில், 32 மொழிகளில், கிட்டத்தட்ட 52,000 பேரின் வாக்குமூலம். நேரில் கேட்க இனி அதிக காலம் இல்லை. 2024 ஜனவரிக் கணக்குப்படி, தப்பிப் பிழைத்தவர்களில் உயிரோடிருந்தவர்கள் சுமார் 2,45,000 பேர், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 86 வயதைத் தாண்டியவர்கள்.

பெர்லினில், தப்பிப் பிழைத்த யூதப் பெண் மார்கோட் ஃபிரீட்லெண்டர் பெயரில் 2014 முதல் ஒரு மாணவர் பரிசு தரப்படுகிறது. 1943 ஜனவரியில் அவர் வீடு திரும்பியபோது தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அம்மா, மகனைத் தனியே விட மனமில்லாமல் தானே போய் ஒப்படைத்துக்கொண்டார். மகளுக்காகப் பக்கத்து வீட்டில் விட்டுச் சென்றது ஒரு கைப்பை. உள்ளே ஒரு அம்பர் மணி மாலை, ஒரு முகவரிப் புத்தகம். கூடவே வாய்ச்செய்தி: உன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளப் பார். ஃபிரீட்லெண்டர் தெரேசியன்ஸ்டாட் முகாமில் பிழைத்து, நியூயார்க்கில் அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 2010இல் 88 வயதில் பெர்லினுக்கே திரும்பி வந்தார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். 2025 மே மாதம் 103 வயதில் இறந்தார். அந்த மாலையை அணிந்துகொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி செய்யும் வேலையை எந்தப் பரிசும் செய்யாது. அவர் இல்லாத வகுப்பறையில் என்ன செய்வது என்பதுதான் இப்போது எல்லாருக்கும் தலைவலி.

பள்ளிக்கு மேலே போனால் உதவித்தொகை உலகம். முனைவர் பட்ட மாணவர்களுக்கு இழப்பீட்டுக்கான யூத அமைப்பு தரும் சால் கேகன் நிதி, ஐரோப்பியக் காப்பகங்களில் தங்கி வேலை செய்ய உதவும் கோனி கிறிஸ்டெல் நிதி போன்றவை உண்டு. இங்கே பணம் உண்மையிலேயே தேவை. ஒரு போலந்துச் சிற்றூரின் கதையை எழுத, அங்கத்து யூதர்கள் பேசிய இத்திஷ், கூடவே போலிஷ், ஜெர்மன், ரஷ்யன் என நாலு மொழி வேண்டும். காகிதங்கள் வார்சாவில் பாதி, ஜெருசலேமில் பாதி, வாஷிங்டனில் நகல் என்று சிதறிக் கிடக்கும். நல்லவேளையாக ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள காப்பகம், நாஜிகளால் பாதிக்கப்பட்ட சுமார் 1.75 கோடிப் பேர் பற்றிய தகவலுடன், 2007 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேல் காணாமல் போனவரைத் தேடும் குடும்பங்களுக்கு மட்டும்தான் அங்கிருந்து பதில் கிடைக்கும்.

பல விருதுகளின் பெயரில் 'ஹோலோகாஸ்ட்', 'மனித உரிமை' இரண்டும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இருக்கிறது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை ஐ.நா.வில் நிறைவேறியது 1948 டிசம்பர் 9. மனித உரிமைப் பிரகடனம் மறுநாள். இரண்டும் ஒரே சாம்பலிலிருந்து வந்தவை. ஆனால் போட்டித் தலைப்பாக இரண்டும் சேரும்போது ஒரு வழுக்கல் நடக்கும். வெறுப்பு தீது, சகிப்பு நன்று என்று எழுதினால் போதும் என்று மாணவர் நினைத்துவிடுவார். அதை எழுத யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை. என் காந்தி கட்டுரை மாதிரி.

சரி, ஜெர்மனியில் தாத்தாவே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? இன்றைய ஜெர்மன் வகுப்பறையில் துருக்கி, சிரியா, ஆப்கானிஸ்தான், இலங்கை என்று பல ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பத் தேடல் என்றால் அவர்கள் கதை வேறெங்கோ தொடங்குகிறது. ஆனால் ஜெர்மன் போட்டியின் விதியில் குடும்பம் அல்லது ஊர் என்றுதான் இருக்கிறது. வாழும் ஊர் எல்லாருக்கும் பொது. அந்த ஏலப் பட்டியலைப் படிக்கும் உரிமை டோர்ட்முண்டில் வளரும் ஈழத்தமிழ்ப் பெண்ணுக்கும் உண்டு. வீட்டில் தாத்தாவின் முகம் சிவக்காது என்பதால் அவருக்கு அது சுலபமாகக்கூட இருக்கலாம்.

2002இல் இதே போட்டி இடப்பெயர்வையே தலைப்பாக வைத்தது. அப்போது ஒரு சிக்கல் இருந்தது. ஈழத்தமிழர்கள் 1983க்குப் பின்தான் கிழக்கு பெர்லின் வழியாகப் பெருமளவில் வந்தார்கள். அவர்கள் விஷயத்தை ஊர் நிர்வாகம் எப்படிக் கையாண்டது, எங்கே தங்க வைத்தது, சபையில் யார் என்ன பேசினார் என்ற கோப்புகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 30 வருடக் கெடு உண்டு. 2002இல் அவை மூடித்தான் இருந்தன. 1985ஆம் வருடக் கோப்புக்கு அந்தக் கெடு இப்போது முடிந்துவிட்டது. தனிநபர் கோப்புகளுக்கு மட்டும் சம்பந்தப்பட்டவர் இறந்த பிறகும் காத்திருக்க வேண்டும், அல்லது அவரே கையெழுத்துப் போட்டு அனுமதி தர வேண்டும். அப்பாவோ தாத்தாவோ பக்கத்து அறையிலேயே இருக்கும்போது கையெழுத்து வாங்குவது பெரிய வேலையில்லை. அவர் போடுவாரா என்பதை அந்தப் பிள்ளை கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.